கழுகுமலையில ஒரு நொட்டாங்கைக்காரன்

"ஊருல எல்லாக் கோயிலையும் அண்ணாந்து பாக்கோம், நீ என்ன மருமவனே கோயில குனிஞ்சு பாருங்குத" அப்படின்னுதான் மாமா ஆரம்பிச்சாரு. அவரு சொன்னது சரிதான், வெட்டுவான் கோயில மொத தடவ பாக்குற எல்லாருக்கும் அந்த சின்னக் குழப்பம் வரும். கழுகுமலைல படியேறி மேல போனா கோபுரம் ஒன்னும் தெரியாது, வெறும் பாறை, நடந்துக்கிட்டே இருப்போம், திடீர்னு பாறைல ஒரு பெரிய பள்ளம், அந்தப் பள்ளத்துக்கு நடுவுல ஒரு கோயில் நிக்கும். கோயிலோட உச்சி நம்ம கண்ணுக்கு நேரா இருக்கும். தஞ்சாவூர்ல கழுத்து வலிக்க வலிக்க தேடுற சிகரத்த இங்க ஏதோ பக்கத்து வீட்டு மொட்டைமாடிய பாக்குற மாதிரி சாவகாசமா பாக்கலாம்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன். கழுகுமலை தூத்துக்குடி மாவட்டம், கோவில்பட்டில இருந்து 20 கிலோமீட்டர் சொச்சம், எல்லாருக்கும் தெரிஞ்சது கீழ இருக்குற முருகன் கோயில், தைப்பூசம் பங்குனி உத்திரம்னா பஸ்ஸுல கால் வைக்க இடம் இருக்காது. மலை மேல இருக்குறது இந்த வெட்டுவான் கோயில், 8ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம், பராந்தக நெடுஞ்சடையன் காலத்துல வெட்டுனதுன்னு சொல்றாங்க. கல்லடுக்கி கட்டுனது கிடையாது. பாறைய சுத்தி ஏழரை மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 25 அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துட்டு நடுவுல மிச்சம் விட்ட ஒத்தக் கல்ல கோயிலா செதுக்கியிருக்காங்க. எல்லோரா கைலாசநாதர் கோயில் மாதிரி, ஆனா ரொம்ப ரொம்ப சின்னது, முடியவும் இல்ல. "தென்னகத்து எல்லோரா"ன்னு போர்டுல எழுதி வைக்கிறாங்க பாருங்க அது எனக்கு புடிக்கவே புடிக்காது, நம்ம ஊரு சாமானுக்கு எதுக்கு இன்னொரு ஊரு பேரு.

நான் சின்ன வயசுலேருந்து பத்து தடவையாவது போயிருப்பேன், ஸ்கூல் டூர்ல போயி பள்ளத்துக்குள்ள கல்லு போட்டு சார்ட்ட அடி வாங்குனது உட்பட. இந்த தடவ வித்தியாசம் என்னன்னா மாமாவ கூட்டிட்டுப் போனேன். அம்மாவோட தம்பி, எழுபது வயசு தாண்டியாச்சு, இருபது வயசுலேருந்து கல்லு வேல. கல்குவாரி, அப்புறம் அம்மி ஆட்டுரல் அடிக்கிறது, மைல்கல், தோட்டத்து வேலிக்கு கல்லுக்கால். மிக்ஸியும் கிரைண்டரும் வந்து அந்தப் பொழப்ப முடிச்சு வச்சது, அதுக்கப்புறம் அவரு உளிய தொட்டு இருபது வருஷம் ஆச்சு. பக்கத்துலயே பொறந்து வளந்த மனுசன், முருகன் கோயிலுக்கு வருஷா வருஷம் வருவாரு, மேல ஏறினதே இல்லையாம். "மேல என்ன சாமியா இருக்கு, ஏறுததுக்கு"ன்னாரு. உள்ளாற பின்னாடி யாரோ வச்ச பிள்ளையார் இருக்காருன்னு சொல்லித்தான் ஏத்திக் கூட்டிட்டுப் போனேன்.

அன்னைக்கு கீழ இறங்குற கதவு பூட்டு. அதனால பள்ளத்தோட விளிம்புல நின்னுதான் பாத்தோம், ஆனா விளிம்புல இருந்து பாக்குறதுதான் நல்லதுன்னு இப்ப தோணுது. சிகரம், அதுக்குக் கீழ உக்காந்து பேசிக்கிட்டிருக்குற சிவனும் உமையும், தெக்குப் பக்கம் மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி, வடக்க பிரம்மா, மூலைக்கு மூலை நந்தி, அதுக்கும் கீழ வரிசையா பூதகணங்க, ஒவ்வொன்னும் ஒவ்வொரு சேட்டை. தட்சிணாமூர்த்தின்னா நாலு முனிவருக்கு நடுவுல மோனமா உக்காந்திருப்பாரு, இங்க பாத்தா கச்சேரிக்கு வந்த மாதிரி மிருதங்கத்து மேல கைய வச்சிக்கிட்டு அப்படி ஒரு லயிப்பு. அந்த விரல பாருங்க, கல்லுல விரல் மடங்குற இடத்துல ஒரு மெத்துனு இருக்கு. நான் அதத்தான் மாமாவுக்கு காட்டிக்கிட்டிருந்தேன், ஃபோன்ல ஜூம் பண்ணி ஜூம் பண்ணி.

அவரு அதப் பாக்கவே இல்ல. கீழ பாத்துக்கிட்டிருந்தாரு, அடிப்பாகத்த, ஒன்னுமே செதுக்காம கரடுமுரடா விட்டுட்டுப் போன பக்கத்த.

"இங்கதான்ல வேல இருக்கு. மேல முடிஞ்சு போச்சு, அதுல என்ன தெரியும். முடியாததுலதான் எவன் எப்படி வேல செஞ்சாம்னு தெரியும்."

அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அவரு பேசுனத அப்படியே ரெக்கார்ட் பண்ணியிருக்கணும், பண்ணல, ஞாபகத்துல இருக்கறத எழுதறேன்.

மொத விஷயம், கோயில் மேல முடிஞ்சு கீழ முடியாம நிக்கிறதே மேலேருந்து கீழ வெட்டுனதுக்கு சாட்சி. கட்டுற கோயில் பாதில நின்னா எப்படி நிக்கும்? மதுரைல திருமலை நாயக்கர் ஆரம்பிச்ச ராயகோபுரம் பாத்திருப்பீங்க, அடி இருக்கும் தலை இருக்காது. இது நேர் எதிர், தலை இருக்கு அடி இல்ல. சாரமே கட்ட வேண்டாம். இன்னும் வெட்டாத பாறைதான் நிக்கிறதுக்கு தரை, அதுமேல நின்னுக்கிட்டே மேல இருக்கறத முடிச்சுட்டு, தரைய ஒரு முழம் இறக்கி, அடுத்த வரிசைய ஆரம்பிக்கிறது. அப்படின்னா பாருங்க, இன்னைக்கு நாம குனிஞ்சு பாக்குற அந்த சிவன், பிரம்மா எல்லாம் செதுக்கும்போது செதுக்குனவன் இடுப்பு உயரத்துல இருந்திருக்கும். உக்காந்து, பொறுமையா, வாகா செஞ்சிருப்பான். அதான் அந்த நிதானம் அதுல இருக்கு போல.

ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு. கட்டுற கோயில்ல ஒரு கல்லு மூளியா போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற கல்லு. இதுல மூக்கு போனா போனதுதான். அதவிட பெரிய தலைவலி, கல்ல தேர்ந்தெடுக்க முடியாது. சிலைக்குக் கல்லு எடுக்கும்போது தட்டிப் பாத்து ஆண் கல்லு பெண் கல்லுன்னு பிரிப்பாங்க, மணி மாதிரி கணகணன்னு கேட்டா ஆண் கல்லு, அப்படி ஒரு கணக்கு இருக்கு. இங்க மலையே கல்லு, உள்ள என்ன இருக்குன்னு வெட்ட வெட்டத்தான் தெரியும். கல்லுக்குள்ள தேரைன்னு நாம பழமொழியா சொல்றோம், கல்லு வேலக்காரங்களுக்கு அது நெஜமான பயம், உள்ள ஒரு பொந்தோ விரிசலோ இருந்து அது சாமி முகத்துல போயி வாய் தொறந்துச்சுன்னா? உச்சிலேருந்து தூக்குக்குண்டு விட்டு நடுக்கோடு புடிச்சு, இன்னும் பாறைக்குள்ள கெடக்குற வாசப்படி எங்க வரும் சுவர் எங்க வரும்னு மனசுலயே வச்சிக்கிட்டு இறங்கணும். நான் பாக்குற ஐடி வேலைல கீழ அஸ்திவாரத்த அப்புறம் பாத்துக்கலாம்னு மேல ஸ்க்ரீன மட்டும் பளபளன்னு செஞ்சு கஸ்டமருக்கு காட்டுவோம், அந்த நெனப்பு வந்து சிரிச்சுட்டேன், ஏன் சிரிக்கேன்னு கேட்டாரு, சொன்னா புரியாதுன்னு விட்டுட்டேன்.

ரெண்டாவது, உளி. "இந்தக் கல்லுக்கு ஒரு உளி எத்தன நேரம் தாங்கும்னு நெனைக்க?" நான் ஒரு நாளுன்னேன். அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே. கருங்கல்லுல அடிச்சா உளி மூக்கு மழுங்கிக்கிட்டே இருக்குமாம், காய்ச்சி, தட்டி, தண்ணில முக்கி பதம் வைக்கணும், பதம் கூடிருச்சுன்னா முனை தெறிச்சுரும், குறைஞ்சா வளைஞ்சுரும். அவரு குவாரில இருந்தப்பவே பட்டறைல ஒருத்தன் நாள் பூரா இதே வேலையா உக்காந்திருப்பானாம். "அப்ப இங்க எத்தன கொல்லன் இருந்திருப்பான், அவனுக்கு கரி எவன் சொமந்தான், இந்த மலைக்கு மேல தண்ணி எவன் கொண்டாந்தான். செல செஞ்சவன மட்டும் கேக்க நீ."

நான் உண்மையிலேயே அத மட்டும்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். ஏன்னா எனக்கு அந்தக் கதை. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், எங்க ஆச்சி சொல்லிச் சொல்லி வளந்தது. ஒரு பெரிய சிற்பி, திருவிழாக் கூட்டத்துல மகனத் தொலைச்சுடறான். வருஷம் ஓடுது. அவன் கழுகுமலைல ஒரு பக்கம் வேல செய்றான், இன்னொரு பக்கம் ஒரு இளவட்டம் வேல செய்றான், ஊரே அந்த சின்னப்பயல் வேலையத்தான் கொண்டாடுது, பொறுக்க முடியாம கைல இருந்த உளிய வீசுறான், பையன் தலை போகுது, உசுரு போற நேரத்துல "அப்பா"ன்னு கத்துறான், அந்தக் குரல்லதான் தெரியுது தன் மகன்னு. கோயில் முடியாம நின்னதுக்கு அதான் காரணம். ஆச்சி சொல்லும்போது அந்த "அப்பா" வர்ற எடத்துல எனக்கு தொண்டை அடைக்கும்.

அப்புறம் வளந்து நாலு ஊரு பாத்து நாலு பேரு சொல்லக் கேட்டா, இதே கதை எல்லா ஊர்லயும் இருக்கு! கேரளால பெருந்தச்சன், மகன் தன்னவிட பெரிய தச்சனா ஆயிட்டான்னு மேலேருந்து உளிய நழுவ விட்டு கொன்னுடறான், கிட்டத்தட்ட நம்ம கதையேதான். கர்நாடகால பேலூர்ல ஜக்கணாச்சாரி, மகன்னு தெரியாத ஒரு பையன் வந்து உன் சிலைக் கல்லுக்குள்ள தேரை இருக்குங்கறான், இருந்தா என் கைய வெட்டிக்கறேன்னு பந்தயம், தேரை இருக்கு. ஒடிசால கோனார்க், அங்க பன்னெண்டு வயசு தர்மபதன், அப்பாவும் சேத்து ஆயிரத்து இருநூறு சிற்பிங்களால முடியாத கலசத்த வச்சு முடிச்சுட்டு, அத்தன பேரு உசுரும் மானமும் போயிருமேன்னு கடல்ல விழுந்துடறான். அப்பன் மகன், அப்பன் மகன், எல்லா ஊர்லயும் அப்பனும் மகனும்தான் கதை. எனக்கு என்ன தோணுதுன்னா, பேரு தெரியாத வேலைக்கு ஊரு ஒரு கதை செஞ்சு வச்சுக்குது, நூறு பேர கதைல வைக்க முடியாதுல்ல, ரெண்டு பேர்தான் வைக்க முடியும், அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் சாகணும் அப்பதான் கதை நிக்கும்.

பேரே பதிவாகலையான்னா, சில எடத்துல பதிவாகியிருக்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்னு இருக்கு. மாமல்லபுரத்துக்கு பக்கத்துல பூஞ்சேரி பாறைல கேவாத பெருந்தச்சன்னு தொடங்கி கொஞ்சம் பேரு வெட்டியிருக்கு. கர்நாடகாவ ஆண்ட ஹொய்சளர் ஊர்ல மல்லிதம்மான்னு ஒருத்தர் சிலைக்கு அடியில கையெழுத்தே போட்டிருக்காரு. வெட்டுவான் கோயில்ல ஒருத்தன் பேரும் இல்ல.

ஆனா அதே மலைல, கொஞ்சம் நடந்தா, சமணர் சிற்பங்கள் இருக்குல்ல, அங்க பேரா குவிஞ்சு கெடக்கு. பாறை முகப்புல வரிசை வரிசையா தீர்த்தங்கரர்கள், பாம்பு குடை புடிக்கிற பார்சுவநாதர், கொடி சுத்துன பாகுபலி, சிங்கத்தோட அம்பிகா. பல சிற்பத்துக்கு அடியில வட்டெழுத்துல, அதாவது அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துல, ரெண்டு மூணு வரி. நூறு கல்வெட்டு வரைக்கும் படிச்சிருக்காங்க. இன்ன ஊரு இன்னார், இன்னாருக்காக. ஊர்ப்பேரெல்லாம் பாத்தா ஆசையா இருக்கும். குரத்திகள்னு பெண் துறவிங்க பேரும் நெறைய, கன்னியாகுமரி மாவட்டம் சிதறால் பக்கத்து திருச்சாரணத்துலேருந்துகூட வந்திருக்காங்க, ஆயிரத்து இருநூறு வருஷம் முன்னாடி பொம்பளைங்க குருவா இருந்து மாணவர் வச்சு சொந்தப் பேர்ல சிலை வைச்சிருக்காங்க, இத எந்த பாடப்புஸ்தகத்துலயும் நான் படிச்ச ஞாபகம் இல்ல. பாண்டியன் மலைநாட்டு ராஜா சடையன் கருநந்தன் மேல படையெடுத்து அரிவியூர்க் கோட்டைய அழிச்சப்ப செத்த வீரர்களப் பத்தியும் அங்க ஒரு கல்வெட்டு உண்டு.

அந்தக் கல்வெட்டுகள்ல திரும்பத் திரும்ப வர்ற வார்த்தை "செய்வித்த திருமேனி". இன்னார் செய்வித்த திருமேனி. இத பல வருஷமா படிச்சிருக்கேன், மாமாவுக்கு சொல்லும்போதுதான் உறைச்சது. செய்த இல்ல. செய்வித்த. பிறவினைன்னு எட்டாங்கிளாஸ்ல தமிழய்யா உயிர எடுத்தாரே, அதேதான். காசு கொடுத்தவன், குடுத்தவ, செத்தவன், குரு, ஊரு, நாடு எல்லாம் அதுல இருக்கு. உளி புடிச்சவன் எங்க இருக்கான்னா அந்த "வி"க்குள்ள இருக்கான், ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தையும் ஒரு உளிக்காரன்தான் வெட்டியிருப்பான்ங்கறத நெனச்சா கொஞ்சம் கிறுக்கு புடிக்குது.

இத ரொம்ப உணர்ச்சிவசப்பட்டு மாமாகிட்ட விளக்குனேன். "ஆமா, நான் அடிச்ச மைல்கல்லுலயும் திருநெவேலின்னுதான் எழுதிருக்கு, எம்பேரா இருக்கு"ன்னு சொல்லிட்டு வெத்தலைய மடிச்சாரு. சரி.

இப்ப தலைப்புக்கு வர்றேன். மறுபடி வெட்டுவான் கோயிலுக்கு திரும்பி வந்து, வெயில் சாஞ்சிருந்துச்சு, சாஞ்ச வெயில்ல உளித் தடமெல்லாம் நிழல் விழுந்து எடுப்பா தெரிஞ்சுது. மாமா விளிம்புல குத்த வச்சு உக்காந்து அடிப்பாகத்தையே பாத்துக்கிட்டிருந்தவரு என் ஃபோன வாங்குனாரு. "இந்தா, இத பெருசாக்கு. இந்தத் தடம் எந்தப் பக்கம் சாயுது பாரு. இங்கன பாரு, எல்லாம் வலப்பக்கமேருந்து இடப்பக்கம் இறங்குது. இப்ப அதுக்கு இந்தப் பக்கம் ஒரு முழத்துக்கு பாரு. மாறி சாயுதா?"

உத்துப் பாத்தேன். பாறை கீறல் கீறலா இருந்துச்சு, எனக்கு மொதல்ல ஒன்னும் தெரியல. அவரு விரல வச்சுக் காட்டக் காட்ட, ஆமா, ஒரு திட்டு மட்டும் கோடுங்க எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கு, துணில நூலோட்டம் மாறுன மாதிரி.

"அந்த எடத்துல வேல செஞ்சவன் நொட்டாங்கை."

நான் உடனே ஒத்துக்கல. எந்தப் பக்கம் உக்காந்து அடிச்சானோ, எடம் இல்லாம திரும்பி உக்காந்திருக்கலாம், ஒரே ஆளே ரெண்டு வாட்டமா அடிச்சிருக்கலாம்னு என்னென்னமோ சொன்னேன். அவரு வாதாடல. தன்னோட இடது கைய நீட்டுனாரு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பழைய காய்ப்பு. எனக்கு நாப்பது வயசு, மாமா இடது கைல சுத்தி புடிக்கிறவர்ங்கறது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும், சோறு வலது கைல திம்பாரு, அதுவரைக்கும்தான் பாத்திருக்கேன். வேலைக்கு சேந்த புதுசுல ரெண்டு பேரா சேந்து ஒரே கல்ல பொளியும்போது இவரு பக்கம் மட்டும் கோடு மாறி விழும், மேஸ்திரி வந்து பொடதில தட்டுவாராம், கைய மாத்துலன்னு. மாத்திப் பாத்தாராம், விரல்ல போட்டுக்கிட்டதுதான் மிச்சம். அப்புறம் மேஸ்திரியே இவரத் தனியா ஒரு ஓரமா உக்கார வச்சு தனிக்கல்லு குடுத்துட்டாரு.

"இவனையும் ஓரமாத்தான் உக்கார வச்சிருக்காம் பாரு. மூலை."

இறங்கும்போது முட்டி வலிக்குதுன்னு ரொம்ப மெதுவா இறங்குனாரு, பாதிப் படியில நின்னு மூச்சு வாங்கிட்டு, "தட்சிணாமூர்த்தி மிருதங்கம் எந்தக் கைல வாசிக்காருன்னு பாத்தியா"ன்னாரு. அப்ப பாத்திருக்காரு, நான் காட்டும்போது.

ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டு எல்லாரும் படுத்ததும், ஃபோன எடுத்துக்கிட்டு கொல்லைக்குப் போனேன். அங்க அம்மா கல்யாணத்துக்கு மாமா அடிச்சுக் குடுத்த ஆட்டுரல் கெடக்கு, அவரு சொந்தமா முழுசா செஞ்ச மொதக் கல்லுன்னு சொல்லுவாங்க, இப்ப மழத்தண்ணி தேங்கி காக்கா குடிக்கிறதுக்குத்தான் ஆகுது. டார்ச்ச போட்டு பக்கவாட்டுல சாய்ச்சுப் புடிச்சேன். பாசியத் தேச்சுவிட்டா கோடு கோடா தடம். மலைல எடுத்த படத்த பக்கத்துல வச்சுப் பாத்தேன். அந்த மூலைத் திட்டு சாயுற அதே பக்கம்தான் சாயுது.